ஒரத்துப்பாளையம் எந்த யூனிட்?

பல்கலைக் கழகங்களுக்குத் திடீரென்று மனசாட்சி பிறந்திருக்கிறது. கல்வி 'நிலைத்த தன்மை' உடையதாக இருக்க வேண்டுமாம். 'சமூகப் பொறுப்பு' உள்ளதாக இருக்க வேண்டுமாம். கருத்தரங்குகள் கூடுகின்றன, பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன. சிறப்பு விருந்தினர் ஒரு கன்று நடுகிறார், போன வருஷத்துச் சிறப்பு விருந்தினர் நட்டது காய்ந்துபோன அதே குழியில். கூரைமேல் சூரியத் தகடு, தரைக்குள் மழைநீர்த் தொட்டி, வாசலில் 'பிளாஸ்டிக் இல்லா வளாகம்' என்று பிளாஸ்டிக்கில் அடித்த தட்டி. இவற்றையெல்லாம் இடக்குறியோடு போட்டோ எடுத்து, கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் குழுவுக்கு அனுப்பினால் புள்ளிகள் கிடைக்கும். ஆக, கட்டடம் பசுமையாகிவிட்டது. கட்டடத்துக்குள்ளே நாற்பது வருஷத்துக்கு முன் நடந்ததுதான் இன்றும் நடக்கிறது. ஒருவர் வாசிக்கிறார், அறுபது பேர் எழுதிக்கொள்கிறார்கள்.

என் சண்டை அந்த வாசிப்போடுதான். சிலபஸில் எதைச் சேர்க்கலாம் எதை எடுக்கலாம் என்று பேச நம்மிடம் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. எதைச் சேர்த்தாலும் அதைப் பிணமாக்கிவிடுகிற ஒரு முறை உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. அந்த முறைக்கு நோட்ஸ் என்று பெயர்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எம்.ஸி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. சொன்னதைக் காரியத்தில் காட்டப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கோர்ட் மறுபடி அதட்டிய பிறகு, 2004-05 கல்வியாண்டிலிருந்து எல்லா இளங்கலை வகுப்புகளுக்கும் யு.ஜி.ஸி.யின் ஆறு மாதப் பாடம் வந்து சேர்ந்தது. 8 யூனிட்டுகள், 50 வகுப்புகள். அதைத் தயாரித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எட்டாவது யூனிட் முழுவதும் களப்பணி என்று வைத்தார்கள். பக்கத்திலிருக்கிற ஆற்றையோ காட்டையோ புல்வெளியையோ மலையையோ போய்ப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மாசுபட்ட இடம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டும். ஊரின் செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். பரீட்சையின் 100 மார்க்கில் 25 இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 2023இல் யு.ஜி.ஸி. வெளியிட்ட புதிய வழிகாட்டுதலிலும் களப்பணி இருக்கிறது. காகிதத்தில் இதைவிடச் சமூகப் பொறுப்புள்ள ஒரு பாடத்தை எழுதுவது கஷ்டம்.

நான் வங்கி குமாஸ்தா. கணக்குத் தொடங்கவும் கல்விக் கடனுக்கும் வருகிற பையன்களையும் பெண்களையும் இந்த எட்டாவது யூனிட்டைப் பற்றி விசாரிப்பது என் வழக்கம். 'அது அஸைன்மெண்ட் சார்' என்பார்கள். சீனியரின் அஸைன்மெண்டை ஜூனியர் பார்த்து எழுதியது. சீனியர் கைடைப் பார்த்து எழுதியது. ஆறு என்றால் உற்பத்தியாகும் இடம், பாயும் தூரம், பயன்கள், மாசுபடும் காரணங்கள், தடுக்கும் வழிகள். எந்த ஆறு என்று கேட்டால் முழிப்பார்கள். 'நாங்க ஐ.வி. போனோம் சார்' என்று ஒருத்தன் சொன்னான். தொழிற்சாலையைப் பார்க்கப் போகும் பயணத்துக்கு மாணவர்கள் வைத்த செல்லப் பெயர் அது. திருப்பூரையும் கோயம்புத்தூரையும் இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டு அவர்கள் தொழிற்சாலை பார்க்கப் போனது மைசூருக்கு.

தாராபுரத்திலிருந்து காங்கயம் போய், அங்கிருந்து சென்னிமலைப் பக்கம் திரும்பினால் ஒரத்துப்பாளையம். நொய்யலுக்குக் குறுக்கே 1992இல் திறந்த அணை. ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் தரக் கட்டினார்கள். சில வருஷங்களுக்குள்ளேயே அதில் நின்றது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய ஆயக்கட்டுக்காரர்கள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று கேட்கும்படி ஆயிற்று. தங்கள் அணைக்கு எதிராகவே விவசாயிகள் கோர்ட்டுக்குப் போன விபரீதம் வேறெங்கும் நடந்திருக்குமோ என்னவோ. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2009இல் அங்கே தீர்ப்பாகி, கடைசியில் 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. ஒரு ஊரின் தொழிலே நின்றது. வேலை போனவர்களும் இந்த மண்ணின் ஜனங்கள்தாம், வயல் போனவர்களும் இந்த மண்ணின் ஜனங்கள்தாம். டி.டி.எஸ். என்ற மூன்று எழுத்தை நொய்யல்கரை விவசாயி கோர்ட் படியேறிக் கற்றுக்கொண்டான். ரசாயனம், பொருளாதாரம், சட்டம், அறம் எல்லாம் ஒரே இடத்தில் கலந்து நாறிக்கொண்டிருந்தன.

இந்த வருஷங்களிலெல்லாம் நம் கல்லூரிகளில் ஐந்தாவது யூனிட் நடந்துகொண்டிருந்தது. மாசுபாடு: வரையறை, காரணங்கள், விளைவுகள், கட்டுப்படுத்தும் முறைகள். ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு விரிகுடா இருப்பதும், அங்கே மீனில் பாதரசம் ஏறியதும் நம் பையனுக்குத் தெரியும். ஒரத்துப்பாளையம் எந்த யூனிட்டில் வருகிறது என்று அவனைக் கேட்டால், சிலபஸில் இல்லை சார் என்பான். அவன் அப்பா அந்தச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவராக இருக்கலாம். மாமா அந்த ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவராக இருக்கலாம். வீட்டில் சாப்பாட்டு நேரத்துச் சண்டையாக இருப்பது வகுப்பில் பாடமாக மாட்டேன் என்கிறது.

இதைவிடக் கிட்டத்தில் ஒன்றைச் சொல்கிறேன். மூலனூர், காங்கயம், தாராபுரம் வட்டாரங்களின் கொரங்காடு. கிளுவை வேலி அடைத்து, நடுவே வெள்வேல மரங்களை விட்டு, கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, மாட்டையும் ஆட்டையும் அளவறிந்து மாற்றி மாற்றி மேய விடுகிற தனியார் மேய்ச்சல் நிலம். மழை பொய்க்கிற இந்தப் பூமியில் காங்கயம் காளை நின்று பிழைத்தது இந்தப் புல்லின் பலத்தில். 'நிலைத்த தன்மை' என்ற சொல்லுக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் அது வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம், வகுப்பில், புல்வெளிச் சூழலுக்கு உதாரணம் ஆப்பிரிக்க ஸவன்னா.

கவிதைக்கும் விமர்சனத்துக்கும் நடக்கிற பத்திரிகையில் மாட்டுக்கும் சாயத்துக்கும் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். வேலை இருக்கிறது. ஆற்றைக் கொன்ற முறையும் கவிதையைக் கொன்ற முறையும் ஒன்றேதான்.

நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். அந்தப் படிப்பில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் வருவார். கேம்பிரிட்ஜில் அவர் செய்த காரியம் மிகவும் எளிமையானது. எழுதியவன் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்கள் கையில் கொடுத்தார். படித்து, உனக்குத் தோன்றுவதை எழுது என்றார். மாணவர்கள் திணறினார்கள், தப்பும் தவறுமாக எழுதினார்கள். அந்தத் திணறல்களையே ஆதாரமாக வைத்து 1929இல் அவர் தன் 'பிராக்டிகல் கிரிட்டிஸிஸம்' நூலை வெளியிட்டார். நோட்ஸைப் பிடுங்கிக்கொண்டு மாணவனைக் கவிதையோடு தனியே விட்ட புத்தகம் அது. நம்மிடம் வந்ததும் அது என்ன ஆயிற்று? 'ரிச்சர்ட்ஸ் கூறும் நான்கு வகைப் பொருள்களை விளக்குக.' பொருள், உணர்ச்சி, தொனி, நோக்கம். நான்கையும் டிக்டேட் செய்தார்கள், நான்கையும் மனப்பாடம் செய்தோம். பெயர் போடாத ஒரு கவிதையை மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட யாரும் எங்கள் கையில் கொடுக்கவில்லை. தமிழ் வகுப்பில் இதற்குச் சமானமான விபத்து வேறு உருவத்தில் நடக்கிறது. சங்கப் பாட்டு வரும், அதற்கு முன்னால் திணை, துறை, கூற்று, இலக்கணக் குறிப்பு எல்லாம் வந்து வரிசையில் நின்று கொள்ளும், பாட்டுக்கு இடமிருக்காது. 'எழுத்து' 1959இல் ஆரம்பித்து 1970வரை வந்தது. அதில் சி.சு. செல்லப்பா, பாட்டை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கிற அலசல் முறையைத் தமிழுக்கு நடைமுறையாக்கப் பாடுபட்டார். பல்கலைக் கழகம் அவரிடம் எடுத்துக்கொண்டது, புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும் என்ற ஒரு கட்டுரைக் கேள்விக்கான பெயரை மட்டும்.

பாவ்லோ ஃபிரேயர் இந்த விதமான போதனையை வங்கி முறை என்றார்: ஆசிரியர் செலுத்துகிறார், மாணவன் வாங்கி வைத்துக்கொள்கிறான். தொழில்முறையில் எனக்கு இதில் ஆட்சேபம் உண்டு. வங்கியில் போட்ட பணம் வட்டியோடு திரும்ப வரும், அதற்கு ரசீதும் உண்டு. நம் கல்லூரியில் போட்டது பரீட்சை ஹாலில் கொட்டப்பட்டு, அன்று சாயங்காலமே இல்லாமல் போகிறது.

வேறு முறை சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கென்று ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். இந்தியப் பொருளாதாரம் எனக்குத் தெரியாது, மாணவனுக்குத்தான் தெரியும் என்ற இடத்திலிருந்து அவர் ஆரம்பித்தார். ஒரு கேள்வித் தொகுதியைத் தயாரித்துக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போகும் மாணவர்களை அவரவர் கிராமத்தைப் பற்றி எழுதி வரச் சொன்னார். யாரிடம் நிலம், யாரிடம் கடன், கூலி எவ்வளவு, குளம் யார் பொறுப்பு. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, ராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான், தஞ்சைப் பாலக்குறிச்சி என்று ஊர்கள் வந்து சேர்ந்தன. 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருளுள்ள ஆங்கிலத் தலைப்போடு அது புத்தகமாயிற்று. ரிச்சர்ட்ஸின் நூலுக்கும் இதற்கும் உள்ள உறவைக் கவனிக்க வேண்டும். இரண்டும் மாணவர்கள் எழுதியதால் உண்டானவை. இரண்டிலும் ஆசிரியர், பதில் தெரியாத கேள்வியை வகுப்பில் கேட்டார்.

ஸ்லேட்டரின் கதை அதோடு முடியவில்லை. பி.ஜே. தாமஸும் கே.ஸி. ராமகிருஷ்ணனும் 1930களில் அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வாளர்களை அனுப்பி, 1940இல் மறு ஆய்வை வெளியிட்டார்கள். இருவேல்பட்டுக்கு 1981இல் போனார்கள், 2008இல் மறுபடி போனார்கள். 1916இல் மாணவன் ஒருவன் லீவில் எழுதிய அஸைன்மெண்ட், தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகும், ஒரு ஊரில் நிலமும் சாதியும் கூலியும் எப்படி மாறின என்பதை அளக்கும் கோலாக இருக்கிறது. போதனை முறை நிலைத்திருப்பது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். கூரைமேல் தகடு வைப்பதில் எனக்கு விரோதமில்லை. அந்தக் கூரையின் கீழே எழுதப்படும் எதுவும் அடுத்த வருஷம் யாருக்கும் தேவைப்படாது என்றால், என்ன நிலைத்தது?

ஏன் இதைத் தொடரவில்லை? சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க நான் தயாராயில்லை. முயற்சிகள் நடந்தன. ராதாகிருஷ்ணன் கமிஷன் கிராமப் பல்கலைக் கழகங்களைப் பற்றிப் பேசியது. 1956இல் கிராமியக் கல்வி நிலையங்கள் தொடங்கப்பட்டபோது தமிழ்நாட்டில் காந்திகிராமத்திலும், நம் பெரியநாயக்கன்பாளையத்தில் அவினாசிலிங்கம் வளர்த்த ராமகிருஷ்ண வித்யாலயத்திலும் அவை வந்தன. அங்கே கொடுத்த டிப்ளமாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவனிடம், இது பி.ஏ.க்குச் சமம்தானா என்று சந்தேகத்தோடு கேட்டார்கள். டிகிரி ஜெயித்தது. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. கிராமத்தில் ஏழு நாள் முகாம், கோவில் பிராகாரத்தில் புல் செதுக்கல், கடைசி நாள் கலை நிகழ்ச்சி, சர்டிபிகேட். கிராமத்துக்குப் போனார்கள், கிராமத்தைக் கேள்வி கேட்கவில்லை.

அதில் தான் இருக்கிறது சூட்சுமம். நிஜமாகவே களத்துக்குப் போனால் அங்கே இரண்டு பேர் எதிர்ப்படுவார்கள். ஒருவர் முதலாளி, இன்னொன்று சாதி. இந்த வட்டாரத்தில் கல்லூரி கட்டிய பணத்தில் பெரும்பங்கு பஞ்சிலும் நூலிலும் பிறந்தது. அதில் அவமானம் ஏதுமில்லை. பணத்தைக் கோவில் உண்டியலில் போடாமல் கல்லூரியில் போட்டவர்களை மரியாதையோடுதான் நினைக்கிறேன். ஆனால் சாயத்தண்ணீரின் பாதையை ஆற்றிலிருந்து மேல்நோக்கிப் பின்தொடர்ந்து போகும் மாணவன் எந்த வாசலில் போய் நிற்பான் என்று தெரியாமல் எந்த நிர்வாகமும் பஸ் அனுப்பாது. கிராமத்தில் குளம் யார் பொறுப்பு என்று கேட்டால், அடுத்த கேள்வியாக அந்தக் குளத்தில் யார் இறங்கக்கூடாது என்பதும், டீக்கடையில் யாருக்குத் தனி டம்ளர் இருந்தது என்பதும் வரும். மினமாட்டா ரொம்ப சௌகரியம். ஜப்பானில் நமக்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

ஸ்லேட்டர் காலத்தில் பல்கலைக் கழகத்துக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் நிலமும் மேல்சாதிப் பிறப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். கிராமத்தை அவர்கள் திண்ணையிலிருந்து பார்த்தார்கள். இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர்களின் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்களுடைய இருவேல்பட்டு வேறாக இருக்கும். அது இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதக்கூடிய முதல் தலைமுறை கைக்கெட்டும் தூரத்தில் பெஞ்சில் இருக்கும்போது, அவர்களுக்கு நாம் டிக்டேஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதைக் கருணை என்று வேறு சொல்கிறார்கள்: 'முதல் தலைமுறைப் பிள்ளைகள், நோட்ஸ் கொடுத்தால்தான் பாஸாவார்கள்.' பாஸாவார்கள், சரி. கல்விக் கடன் பைல்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பாஸானவர்கள் எல்லாம் நோட்ஸால் பிழைக்கவில்லை. படித்த பையனுக்கும் படிக்காத அப்பாவுக்கும் இடையில் கடன் பத்திரம் ஒன்றைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்போது, பெரும்பாலும் அப்பாதான் சரியான கேள்வியைக் கேட்கிறார்.

தமிழ் என்றதும் இன்னொரு விஷயம். ஸ்லேட்டரின் கிராமங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. இருவேல்பட்டுக்காரன் இருவேல்பட்டைப் படிக்க வழியில்லாமல் போயிற்று. கோவையில் ஜி.ஆர். தாமோதரன் 1948இலேயே 'கலைக்கதிர்' நடத்தித் தமிழில் விஞ்ஞானம் எழுத முடியும் என்று காட்டினார். கல்லூரியில் தமிழ்வழிப் படிப்பைச் சோதித்துப் பார்த்ததும், 1960இல், கோவை அரசு கலைக் கல்லூரியில்தான். இவ்வளவு முன்னோடித்தனத்தின் பலனாக நமக்கு இன்று மிஞ்சியது, ஆங்கில கைடுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் கைடு. மொழியை மாற்றினார்கள், முறையை மாற்றவில்லை. கொரங்காடு என்ற சொல்லைத் தெரிந்தவனிடம்தான் அந்தப் புல்லைப் பற்றிக் கேட்க முடியும். அவன் சொல்வதை எழுத வேண்டிய மொழி அவனுடைய மொழி.

இனி, இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களிடம் நேராகவே வருகிறேன். நம் சின்ன வட்டத்தில் கணிசமான பேர் கல்லூரி ஆசிரியர்கள். ஸ்தாபனத்தைத் திட்டிக் கட்டுரை எழுதுவார்கள். அமைப்பியல் தெரியும், அதன் பின்னால் வந்ததும் தெரியும். பிரதியை வாசகன் எழுதுகிறான் என்று ராத்திரி பத்து மணிக்கு வாதாடுவார்கள். காலை பத்து மணிக்கு வகுப்பில் மஞ்சளாகிப்போன நோட்டைத் திறந்து பிரதியை டிக்டேட் செய்வார்கள். நவீனத்துவம் என்பது சம்பளம் வாங்காத நேரத்தில் கடைப்பிடிக்கிற விரதம் போலிருக்கிறது. பாரிஸிலிருந்து வந்த பெயர்களை மேற்கோளாக அடுக்குகிற விமர்சனமும், கைடிலிருந்து காரணங்களை அடுக்குகிற அஸைன்மெண்டும் ஒரே கையெழுத்து. இரண்டிலும் எழுதியவன் எதையும் போய்ப் பார்க்கவில்லை.

அறுபது பேர் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா, செமஸ்டருக்கு நாள் எங்கே, கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் அரைச் சம்பளத்துக்கு மாரடிப்பவரிடம் புரட்சியை எதிர்பார்க்கலாமா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வி நியாயமானது. வேலை நிரந்தரமில்லாதவர் நிர்வாகத்தோடு மோத முடியாது. அவருக்காகப் பேச வேண்டிய பொறுப்பு வேலை நிரந்தரமானவருக்கு இருக்கிறது, அவர் பேசுவதில்லை. மற்ற இரண்டும் சாக்கு. புதுச் சுற்றறிக்கை எதுவும் வர வேண்டியதில்லை. களப்பணியைச் செய்யச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவின் பலத்தோடு வந்த எட்டாவது யூனிட் இருக்கிறது, அதற்கு மார்க்கும் இருக்கிறது. 60 பேர் என்றால் 60 கிணறு, 60 வேலி, 60 தெரு. ஒவ்வொருவனும் தன் ஊரில் ஒன்றைப் பார்த்து, பாட்டியையோ பட்டறைக்காரரையோ கேட்டு, தமிழில் பத்துப் பக்கம் எழுதட்டும், கீழே தன் பெயரைப் போடட்டும். அதைத் திருத்தி எடைக்குப் போடாமல் கல்லூரி நூலகத்தில் ஊர்ப் பெயர்படி அடுக்கி வைக்கட்டும். அடுத்த வருஷத்துப் பையன் அதைப் படித்துவிட்டு, இதில் எது தப்பு, எது மாறிவிட்டது என்பதிலிருந்து ஆரம்பிக்கட்டும். எழுதியதை அந்த ஊரில் ஒருநாள் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும்; ஊர் மறுத்துப் பேசினால் அந்த மறுப்பையும் சேர்த்து எழுதட்டும். இலக்கிய ஆசிரியர் செய்ய வேண்டியது இதைவிடக் குறைவு: பெயர் போடாத ஒரு கவிதை, ஒரு வெள்ளைத் தாள், ஒரு மணி நேரம், தன் வாயை மூடிக்கொண்டு இருப்பது.

வருகிற ஜூனில் கல்லூரி திறக்கும். நம் வட்டத்து ஆசிரியர்களில் யார் இதைச் செய்கிறார்கள் என்று பார்க்கலாம். யாராவது மாணவன் ஒரத்துப்பாளையத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினால், அதை இந்தப் பத்திரிகை வெளியிட வேண்டும் என்று ஆசிரியர் குழுவை இப்போதே கேட்டு வைக்கிறேன். கவிதைக்கு ஒதுக்கிய பக்கங்கள் குறைந்தாலும் பரவாயில்லை.